குடியறியாதவரின் ஈரல்

அம்பத்தூரிலும் ஆவடியிலும் பூவிருந்தவல்லியிலும் ஒருவருக்கு மஞ்சட்காமாலை கண்டால், கீழாநெல்லியை மோரில் அரைத்துக் கொடுப்பது நம்மிடையே வழக்கம். கண்ணின் மஞ்சள் மறைந்ததும் நோய் தீர்ந்ததென ஆறுதல் கொள்கிறோம். ஆனால் ஈரலைத் தாக்கும் கிருமிகள் யாவும் ஓரினத்தவை அல்ல. அசுத்த நீரால் வரும் ஏ, இ வகைகள் பெரும்பாலும் சில வாரங்களில் அகன்றுவிடும். இரத்தத்தின் வழியே பரவும் பி, சி வகைகளோ பலரிடம் ஓசையின்றி ஆண்டுக்கணக்கில் தங்கிவிடும்.

எம் தெருவில், தொழிற்பேட்டையில் கடைசல் வேலை செய்த அன்பர் ஒருவர் நாற்பத்தைந்து வயதில் ஈரல் புற்றுநோயால் மறைந்தார். மதுவைத் தொட்டறியாதவர். ஆயினும் துக்கத்திற்கு வந்தோர் சிலர், "மறைவில் குடித்திருப்பார்" என்றனர். அச்சொல் அவர்தம் மனைவியைச் சுட்டெரித்ததை நாம் கண்டோம். அவர் உடலில் இருந்ததோ பி வகைக் கிருமி. பிறப்பின்போதே தாயிடமிருந்து வந்திருக்கலாம் என்றார் மருத்துவர். சோதித்ததில் தம்பியின் இரத்தத்திலும் அது இருந்தது. அவர் இன்று மாத்திரை உண்டு நலமாயிருக்கிறார்.

இக்கிருமியைக் கண்டறிந்த அமெரிக்க அறிஞர் புளூம்பெர்க் 1976இல் நோபல் பரிசு பெற்றார். தைவானில் 22,707 ஆண்களைத் தொடர்ந்து கவனித்த பீஸ்லி குழுவினர், ஈரல் புற்று கண்ட 41 பேரில் 40 பேர் பி கிருமியைத் தாங்கியவர்கள் என்று 1981இல் அறிவித்தனர். ஈரல் மீண்டும் மீண்டும் அழன்று, தழும்பேறி, புது அணுக்களை ஆக்கும்போது பிழை நேர்ந்து புற்று தோன்றுகிறது. பி கிருமி தன் மரபுக்கூற்றையே ஈரலணுவில் செருகிவிடுவதால், தழும்பேறுமுன்னரும் புற்று வரக்கூடும்.

கீழாநெல்லியை அறிவியல் புறக்கணிக்கவில்லை. சென்னையில் தியாகராசன் குழுவினர் புளூம்பெர்க்குடன் இணைந்து ஆராய்ந்து, 1988இல் நம்பிக்கையூட்டும் முடிவை வெளியிட்டனர். பிறநாட்டுச் சோதனைகளில் அப்பயன் கிட்டவில்லை. தடுப்பூசியோ பயன் தந்தது. 1984இல் பிறந்த குழந்தைகளுக்கு அதைப் போடத் தொடங்கிய தைவானில், பத்தாண்டுகளில் சிறுவரின் ஈரல் புற்று ஏறத்தாழப் பாதியாயிற்று.

நம் நாட்டிலும் பிறந்த 24 மணி நேரத்திற்குள்ளும், பின்னர் 6, 10, 14 வாரங்களிலும் இத்தடுப்பூசி இலவசமாகக் கிடைக்கிறது. 2018இல் தொடங்கிய தேசியத் திட்டத்தில் சோதனையும் மருந்தும் இலவசம். சி வகை பெரும்பாலும் 12 வாரங்களில் குணமாகிறது. பி வகையை மருந்தால் அடக்கலாம். புற்று வரும் வாய்ப்பு மிகுந்தோர் ஆறு மாதத்திற்கொருமுறை ஸ்கேன் செய்துகொள்ளல் வேண்டும். ஒரே பந்தியில் உண்பதால் இந்நோய் ஒட்டாது. ஆதலின் கிருமியுள்ளவரை ஒதுக்காமலும் பழிக்காமலும், அவருடன் பிறந்தோரையும் வாழ்க்கைத் துணையையும் பிள்ளைகளையும் சோதனைக்கு அழைத்துச் செல்வோமாக.