பெட்டிக்குள் பழைய சென்னை

செகண்ட் ஹேண்ட் கார் வாங்கினால் பழைய ஓனரின் சாமான் ஏதாவது கூடவே வரும். எனக்கு வந்தது, வழி சொல்லும் மலிவு விலை ஜி.பி.எஸ். பெட்டி. பத்து வருஷத்துக்கு முந்தைய சென்னைதான் அதற்குத் தெரியும். பஸ் ஸ்டாண்டு எங்கே என்றால் கோயம்பேட்டைக் காட்டும். 2023 டிசம்பரில் கிளாம்பாக்கம் திறந்த சேதி அதற்கு எட்டவில்லை. ஊரிலிருந்து வரும் எழுபது வயசு அப்பா, விடியற்காலையில் பையோடு எவ்வளவு நேரம் நிற்பார்?

புது மேப்பின் விலை விசாரித்தேன். பெட்டியைவிட அதிகம்! தேய்மானம் போக மதிப்பே இல்லாத சொத்துக்கு இத்தனை செலவா? பி.காம். நெஞ்சு பொறுக்குமா?

யோசியுங்கள். சுமார் 20,000 கி.மீ. உயரத்திலிருந்து சாட்டிலைட் அனுப்பும் சிக்னல் இலவசம். காசெல்லாம் மேப்புக்குத்தான். அதையும் சும்மா தருகிறது, 2004-ல் தொடங்கிய 'ஓப்பன் ஸ்ட்ரீட் மேப்'. அதைக் காட்ட 'நேவிட்' என்ற இலவச சாஃப்ட்வேர். மலிவுப் பெட்டிகள் பலவற்றுக்குள் இருப்பது விண்டோஸ் சி.இ.; நேவிட் அதிலும் ஓடும்.

முதலில் பழைய மெமரி கார்டை அப்படியே கம்ப்யூட்டரில் காப்பி எடுத்தேன். இன்னொரு கார்டில் நேவிட்டையும் மேப்பையும் போட்டு, செட்டிங்ஸில் 'நேவிகேஷன் ஃபைல் எங்கே?' என்ற இடத்தில் அதைக் காட்டினேன். மொத்தச் செலவு: ஒரு கார்டு, ஒரு ஞாயிற்றுக்கிழமை, மூன்று காபி.

'போன்லயே பார்க்கலாமே சார்?' என்பீர்கள். பார்க்கலாம். நடுவழியில் மேனேஜர் கூப்பிடுவார். பெட்டியில் அந்த வசதி கிடையாது!

இந்த மேப்பில் விட்டுப்போன தெருவை நாமே சேர்க்கலாம். எங்கள் கிராமத்துத் தெருவைச் சேர்த்தேன்.

"ரேஷன் கார்டுல மட்டும் இருந்த தெருடா இது!" என்றார் அப்பா. கிளாம்பாக்கத்திலிருந்து வீடு வரும்வரை பெட்டியைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை.