நாலு விரல் இடைவெளி

நெய்வேலி டவுன்ஷிப்பில் மாதக் கடைசி தாண்டினால் ஏதாவது ஒரு வட்டத்தில் குவார்ட்டர்ஸ் காலியாகும். இன்று இந்தத் தெரு. ரிட்டயரானவர் வீட்டு வாசலில், பின்கதவைத் தொங்கப்போட்டபடி குட்டியானை நிற்கிறது.

"ஒரே நடையில முடிச்சிடலாம்ல?" என்கிறார் சார். சுரங்கத்தில் இருந்தவர். அங்கே பக்கெட் வீல் இயந்திரம் வெட்டிப் போடும் லிக்னைட்டைப் பெரும்பாலும் கன்வேயர் பெல்ட்டே அனல்மின் நிலையத்துக்கு இழுத்துப் போய்விடும். லாரியில் அடுக்கும் கவலை கிடையாது.

டிரைவர் பதில் சொல்லவில்லை. "பீரோவ மொதல்ல ஏத்துங்க."

கேபினை ஒட்டி பீரோ. அதன் காலடியில் சாக்கு சுற்றிய கிரைண்டர் கல். கனமானதெல்லாம் முன்னால்தான். பின் அச்சைத் தாண்டி பாரம் கூடினால் முன்சக்கரம் லேசாகி, ஸ்டியரிங் சொன்ன பேச்சு கேட்காது. கட்டில் சட்டங்களைப் பக்கவாட்டில் செருகுகிறார்கள். ஃப்ரிட்ஜைப் படுக்கவைக்காமல் நிறுத்தியே கட்டுகிறார்கள்.

பாடியின் தரை, வரிவரியாக மடித்த தகடு. தட்டைத் தகடாக இருந்தால் இந்தக் கனத்துக்கு எப்போதோ குழிந்திருக்கும். பள்ளங்களில் பலாப்பால் காய்ந்து கறுத்து, வைக்கோல் துணுக்கோடு ஒட்டியிருக்கிறது. பண்ருட்டிக்குப் போய்வருகிற வண்டி போலும்.

"தம்பி, மெத்தைய அதுமேல போடாதீங்க" என்று வீட்டு அம்மா பழைய பெட்ஷீட் ஒன்றைக் கொண்டுவருகிறார்.

"காஞ்சதும்மா, ஒட்டாது." ஆனாலும் வாங்கி விரிக்கிறார்.

குட்டியானை என்கிற இந்த டாடா ஏஸ் 2005-ல் வந்தபோது முக்கால் டன் சுமக்கும் என்றார்கள். பாடி ஏழடி நீளம், ஐந்தடிக்குச் சற்றுக் குறைந்த அகலம். கண்ணுக்குத் தெரிவது இந்த நீள அகலம்தான். முக்கால் டன்னை எந்த வாசலிலும் யாரும் எடைபோட்டுப் பார்ப்பதில்லை. புத்தக மூட்டைகள் ஏறுகின்றன (புத்தகத்தைப் போல ஏமாற்றும் கனம் வேறில்லை). ஸ்பிரிங் பட்டைகளின் வளைவு நிமிர்கிறது. சாரின் பார்வை சாமான்களுக்கு மேலே மிச்சமிருக்கும் இடத்தில். டிரைவர் குனிந்து பின்டயருக்கும் மட்கார்டுக்கும் நடுவே கையை நுழைக்கிறார். நாலு விரல் போகிறது, அவ்வளவுதான்.

"போதும்" என்று கயிற்றை எடுத்துக் கொக்கியில் மாட்டுகிறார்.

அம்மா ரோஜாத் தொட்டியோடு வருகிறார். "இவ்ளோ எடம் கெடக்கே?"

"எடம் இருக்கும்மா. வண்டி தாங்காது."

தொட்டி மறுபடி வாசற்படிக்குப் போகிறது. சார் சட்டைப்பையைத் தொட்டுக்கொண்டு கேட்கிறார்: "ரெண்டாம் நடைக்கு எவ்வளவுப்பா?"