ரோமில் மாடி, இங்கே சேரி

பண்டைய ரோமில் ஏழைகள் எங்கே குடியிருந்தார்கள்? வசதியானவர்களின் தலைக்கு மேலே. இன்சுலா என்ற அடுக்குமாடிக் கட்டடங்களில் தரைத்தளத்தில் கடைகள், அதற்கு மேல் நல்ல வீடுகள். மேலே போகப் போக வாடகை குறையும், அறையும் சுருங்கும். தீப்பிடித்தால் உச்சிமாடிக்காரன் கதி அவ்வளவுதான். கட்டடங்கள் அடிக்கடி இடிந்ததால், 70 ரோமானிய அடிக்கு மேல் கட்டக் கூடாது என்று அகஸ்டஸ் வரம்பு வைத்தார். கி.மு. 44இல் சிசரோ நண்பருக்கு எழுதிய கடிதத்தில், தன் கடைகள் இரண்டு இடிந்ததையும், குடியிருந்தவர்களோடு எலிகளும் வெளியேறியதையும் வேடிக்கையாகச் சொல்கிறார். கட்டடச் சொந்தக்காரனுக்கு அது வேடிக்கை.

கொல்லிமலையில், திண்ணனூர் நாட்டுப் பிள்ளைகளோடு இதைப் பேசிக்கொண்டிருந்தேன். மலையிறங்கிப் போய்க் கல்லூரியில் படிக்கும் பழங்குடிப் பிள்ளைகள். ஒரு தம்பி கேட்டான்: “அண்ணா, அங்க வாடகைக்கு வீடு கேட்டா, நீங்க என்ன ஆளுங்கன்னு கேப்பாங்களா?”

அந்தக் கேள்வி எங்கிருந்து வருகிறது என்று எனக்குத் தெரியும். அட்வான்ஸ் வரை பேசி முடித்த ஒரு வீடு, “ஊர்ல எந்தத் தெருங்க?” என்ற ஒரே கேள்வியில் எனக்குக் கைநழுவிப் போயிருக்கிறது. சம்பளச் சீட்டு பையில் இருந்தது. அதை யாரும் கேட்கவில்லை.

தம்பிக்கு நான் சொன்ன பதில் பொம்பெயி. கி.பி. 79இல் எரிமலைச் சாம்பலில் புதைந்த நகரம். அங்கே வெத்தீ இல்லம் என்றொரு மாளிகை இருக்கிறது. சுவரெல்லாம் ஓவியம், நடுவே தூண்கள் சூழ்ந்த தோட்டம். அதன் சொந்தக்காரர்கள் இருவரும் அடிமைகளாக இருந்து விடுதலை பெற்றவர்கள் என்பதே ஆய்வாளர்கள் பலரின் கருத்து. அடிமையாக இருந்தவன் காசு சேர்த்து நகரத்துக்குள் மாளிகை வைத்துக்கொள்ள முடிந்திருக்கிறது. நம் கிராமத்தில், கையில் காசிருக்கும் தலித் ஊர்த்தெருவில் ஒரு மனை வாங்கட்டும், பார்ப்போம்.

ரோமைப் புகழ்வதற்காக இதைச் சொல்லவில்லை. கி.பி. 61இல் பெடானியஸ் செகுண்டஸ் என்ற உயரதிகாரியை அவருடைய அடிமை ஒருவன் கொன்றான். அதற்காக அந்த வீட்டின் அடிமைகள் 400 பேரையும் கொன்றது ரோம். ஒரே கூரையின் கீழ் இருந்ததுதான் அவர்கள் செய்த குற்றம். அடிமைமுறையையும் தீண்டாமையையும் ஒப்பிட்டு எழுதியபோது அம்பேத்கர் ரோமை எடுத்துக்கொண்டதும் அதை மெச்சுவதற்காக அல்ல. அத்தனை கொடூரமான அமைப்பிலும் வெளியேற ஒரு கதவு இருந்தது, தீண்டாமையில் அந்தக் கதவே இல்லை என்று காட்டத்தான்.

ரோமில் வர்க்கம் மாடி மாடியாக நின்றது. இங்கே சாதி ஊர் என்றும் சேரி என்றும் தரையிலேயே பிரிந்து கிடக்கிறது. 2019 டிசம்பர் 2, மேட்டுப்பாளையம் நடூர். மழையில் ஒரு வீட்டின் சுற்றுச்சுவர் பக்கத்திலிருந்த தலித் குடியிருப்பின் மேல் விழுந்து 17 பேர் செத்தார்கள். ரோமில் ஏழை மேல் விழுந்தது அவன் குடியிருந்த கட்டடம். நடூரில் விழுந்தது, அடுத்தவர் எழுப்பிய சுவர்.

அதனால் தோழர்களே, வீட்டுத் திட்டம் வரும்போது எத்தனை சதுர அடி, எத்தனை லட்சம் என்பதோடு நிறுத்தாதீர்கள். எந்த இடத்தில், யார் பக்கத்தில் என்றும் கேளுங்கள். சமத்துவபுரத்தில் 100 வீடுகளில் 40 தலித்துகளுக்கு என்று ஒதுக்கி, எல்லோரையும் கலந்து குடிவைக்க அரசால் முடிந்தது. இன்றைக்கும் ‘காலனி’க்குப் பக்கத்திலேயே இன்னொரு ‘காலனி’ எதற்கு?

மலைப் பிள்ளைகளுக்கு இன்னொன்று. 2006 வன உரிமைச் சட்டம் விவசாய நிலத்துக்கு மட்டுமல்ல, 2005 டிசம்பர் 13க்கு முன்பிருந்தே வன நிலத்தில் பழங்குடிகள் குடியிருக்கும் இடத்துக்கும் உரிமை தருகிறது. மனுவைக் கொடுக்க வேண்டிய இடம் கிராம சபை. அடுத்த கிராம சபைக்கு வெறுங்கையோடு போகாதீர்கள்.