இரட்டைப் பூட்டு

பொதுத்தேர்வு வினாத்தாள்கள் தேர்வு நாளுக்கு முன்பாகவே மாவட்டங்களுக்கு வந்து சேர்ந்துவிடும். அவை வைக்கப்படும் இடத்திற்குக் கட்டுக்காப்பு மையம் என்று பெயர். அங்கே இரட்டைப் பூட்டு உண்டு. வாயிலில் காவலர் உண்டு. இந்தக் காவலை மிகை என்று எவரும் கூறுவதில்லை. ஒரு தாள் வெளியேறினால் எத்தனை மாணவர்களின் உழைப்பு பாழாகும் என்பதை அனைவரும் அறிவர். ஆனால், பள்ளி அலுவலகத்தின் மேசைமேல் அமைதியாக அமர்ந்திருக்கும் கணினியைப் பற்றி நாம் அவ்வளவு எண்ணிப் பார்ப்பதில்லை.

முப்பது ஆண்டுகளுக்கு முன் நான் ஆசிரியப் பணியில் சேர்ந்தபோது, மாணவர் விவரங்கள் யாவும் சேர்க்கைப் பதிவேட்டில் இருந்தன. பதிவேடு இரும்பு அலமாரியில் இருந்தது. அலமாரியின் சாவி தலைமையாசிரியரின் மேசை இழுப்பறையில் இருந்தது. ஒருவர் அந்தப் பதிவேட்டைப் பார்க்க வேண்டுமானால் நான்கு பேர் கண்முன் நடந்து வந்து கேட்க வேண்டும். இன்று அதே விவரங்களும், அவற்றினும் மிகுதியான விவரங்களும் கணினியில் உள்ளன. பிறந்த தேதி, சாதிச் சான்று, குடும்ப வருமானம், ஆதார் எண், வங்கிக் கணக்கு எண், பெற்றோரின் கைப்பேசி எண், உடற்குறை பற்றிய குறிப்பு என ஒரு பிள்ளையின் வாழ்க்கையே அங்கு எழுத்தாகியிருக்கிறது. அதைக் காக்கும் இரும்புக் கதவு ஒரு சிறு சொல்தான். அதனையே கடவுச்சொல் என்கிறோம்.

நான் முன்னர்ப் பணியாற்றிய ஒரு பள்ளியில், அலுவலகக் கணினியின் கடவுச்சொல் திரையின் ஓரத்தில் ஒரு துண்டுத்தாளில் ஒட்டப்பட்டிருந்தது. வேலை தடைப்படக் கூடாது என்பதே அதற்குச் சொல்லப்பட்ட காரணம். பன்னிரண்டாம் வகுப்பின் பெயர்ப்பட்டியலை இறுதி செய்யும் நேரத்தில், ஒரு மாணவனின் பிறந்த ஆண்டு மாறியிருப்பதை அவன் தந்தை கண்டறிந்தார். பதிவேட்டில் சரியாக இருந்தது. சில மாதங்களுக்கு முன் எடுத்த அச்சுப்படியிலும் சரியாக இருந்தது. இடையில் யாரோ மாற்றியிருக்கிறார்கள். கைதவறி நிகழ்ந்ததா, வேண்டுமென்றே செய்ததா என்பது தெரியவில்லை. கணினி நாளையும் நேரத்தையும் காட்டியது. செய்தவர் யார் என்ற இடத்தில் பள்ளியின் பொதுப் பயனர்பெயரைக் காட்டியது. அப்பெயரில் எவர் வேண்டுமானாலும் நுழைந்திருக்கலாம்.

ஐயம் தற்காலிகமாகப் பணியாற்றிய கணினிப் பணியாளரான ஓர் இளம்பெண்ணின்மேல் விழுந்தது. அவர்தாம் அங்கே மிகக் குறைந்த ஊதியம் பெற்றவர். மிகக் குறைவாகப் பேசியவரும் அவரே. தாம் மாற்றவில்லை என்று அவர் கூறினார். அதை மறுக்கவும் சான்றில்லை, ஏற்கவும் சான்றில்லை. சில வாரங்களில் உரிய ஆவணங்களைக் காட்டிப் பிறந்த தேதி திருத்தப்பட்டது. அந்தப் பெண்ணின்மேல் விழுந்த ஐயத்தைத் திருத்துவதற்கு எந்தப் படிவமும் இல்லை. கல்வியாண்டின் இறுதியில் அவர் பணியைவிட்டு விலகினார்.

கடவுச்சொல் பிறரைத் தடுக்கும் பூட்டு என்று மட்டுமே நாம் எண்ணுகிறோம். அது சாட்சியும் ஆகும். இந்தச் செயலைச் செய்தவர் இவர், செய்யாதவர் இவர் என்று அது பிரித்துக் காட்டுகிறது. ஒரே கடவுச்சொல்லைப் பலர் பயன்படுத்தும்போது தவறு செய்தவர் மறைந்துகொள்கிறார். செய்யாதவர் தம்மை நிறுவ வழியின்றி நிற்கிறார். கணக்குக் காட்டும் பொறுப்பை நம் முன்னோர் எவ்வளவு கடுமையாகப் போற்றினர் என்பதற்கு உத்திரமேரூர்க் கல்வெட்டு சான்று பகரும். முதலாம் பராந்தகன் காலத்து அக்கல்வெட்டு, வாரியங்களில் இருந்து கணக்குக் காட்டாதவரையும் அவர்தம் நெருங்கிய உறவினரையும் மீண்டும் தேர்ந்தெடுக்கலாகாது என விதிக்கிறது. பொறுப்பு இன்னாருடையது என்று தெளிந்திருந்தால்தான் கணக்குக் கேட்க இயலும்.

கணினியில் கடவுச்சொல் தோன்றிய வரலாறும் பலர் ஒரு கருவியைப் பகிர்ந்துகொண்டதிலிருந்தே தொடங்குகிறது. 1960களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் மாசசூசெட்சு தொழில்நுட்ப நிறுவனத்தில் பெர்னாண்டோ கோர்பட்டோ தலைமையில் ஒரு கணினி அமைப்பு உருவானது. ஒரே கணினியைப் பலர் ஒரே நேரத்தில் பயன்படுத்த அது வழிசெய்தது. ஒருவருடைய கோப்புகள் மற்றவர் கைக்குப் போகாதிருக்க ஒவ்வொருவருக்கும் ஒரு கடவுச்சொல் வழங்கப்பட்டது. 1962இல் ஆலன் ஷெர் என்ற ஆய்வு மாணவர், தமக்கு ஒதுக்கப்பட்ட கணினி நேரம் போதாமையால், கடவுச்சொற்கள் அடங்கிய கோப்பையே அச்சிட்டு எடுத்துக்கொண்டார். 1966இல் ஒரு மென்பொருள் குழப்பத்தால், கணினியில் நுழைந்த அனைவருக்கும் வரவேற்புச் செய்திக்குப் பதிலாகக் கடவுச்சொற்களின் பட்டியல் காட்சியளித்தது. பூட்டு பிறந்த சில ஆண்டுகளிலேயே சாவிகள் தெருவுக்கு வந்துவிட்டன.

இதற்குக் கண்ட தீர்வு எளிமையும் அழகும் உடையது. அரிசியை அரைத்தால் மாவாகும். மாவிலிருந்து அரிசியை மீட்க இயலாது. அவ்வாறே கடவுச்சொல்லை ஒரு கணிதமுறையால் அரைத்து, அதன் மாவை மட்டும் கணினி சேமித்து வைக்கிறது. நாம் மீண்டும் கடவுச்சொல்லைத் தட்டும்போது அதையும் அரைத்து, இரண்டும் ஒன்றா என ஒப்பிடுகிறது. முறையாக அமைந்த ஓர் அமைப்பில் அதன் நிருவாகிக்கும் நம் கடவுச்சொல் தெரியாது. தெரிய வேண்டிய தேவையும் இல்லை. நாம் மறந்துவிட்டால் புதியதொன்றை அமைக்க அவரால் வழிசெய்ய முடியும். ஆகவே, ‘தலைமை அலுவலகத்திலிருந்து பேசுகிறேன், உங்கள் கடவுச்சொல்லைச் சொல்லுங்கள்’ என்று தொலைபேசியில் ஒருவர் கேட்டால், அவர் கேட்பதே அவரை ஐயுறுவதற்குப் போதிய காரணமாகும்.

பூட்டு வலிதாயினும் சாவி எளிதாக இருந்தால் பயனில்லை. பெல் ஆய்வகத்தைச் சேர்ந்த இராபர்ட் மோரிசும் கென் தாம்சனும் 1979இல் வெளியிட்ட ஆய்வில் 3,289 கடவுச்சொற்களை ஆராய்ந்தனர். அவற்றுள் 2,831 மிகக் குறுகியனவாகவோ, அகராதியிலும் பெயர்ப்பட்டியலிலும் கிடைப்பனவாகவோ இருந்தன. இன்றும் நாம் பிள்ளையின் பெயரையும் பிறந்த ஆண்டையும் சேர்த்துக் கடவுச்சொல் ஆக்குகிறோம். அவ்விரண்டையும் ஊரே அறியும். நீளத்தின் வலிமையைக் கணக்கிட்டுப் பாருங்கள். இருபத்தாறு ஆங்கிலச் சிற்றெழுத்துகளைக் கொண்டு எட்டு எழுத்துகளில் ஏறத்தாழ 20,882 கோடிச் சேர்க்கைகள் அமையும். எட்டைப் பன்னிரண்டாக்கினால் அத்தொகை 4,56,976 மடங்காகப் பெருகும். ஒன்றோடொன்று தொடர்பில்லாத நான்கைந்து சொற்களை அடுக்கிக்கொண்டால் நீளமும் கிடைக்கும், நினைவிலும் நிற்கும். ஓரிடத்தில் பயன்படுத்தியதை வேறிடத்தில் பயன்படுத்தாதிருப்பது அதனினும் இன்றியமையாதது. ஒரு சாவி தொலைந்தால் ஒரு வீடுதான் திறக்க வேண்டும். ஊர் முழுதும் திறந்துவிடக் கூடாது.

அரசுக் கருவூலங்களில் பெட்டக அறையை இரட்டைப் பூட்டில் வைப்பது நெடுநாள் மரபு. ஒரு சாவி ஓர் அலுவலரிடமும் மற்றொன்று வேறோர் அலுவலரிடமும் இருக்கும். ஒருவர் தனித்துத் திறக்க இயலாது. கடவுச்சொல்லுக்குப் பின் கைப்பேசிக்கு வரும் ஒருமுறைக் கடவுச்சொல்லையும் கேட்கும் இன்றைய இரட்டைச் சரிபார்ப்பு முறை இதே அறிவின் தொடர்ச்சிதான். ஒன்று களவு போனாலும் மற்றது காக்கும். இரண்டையும் ஒருவரிடம் சொல்லிவிட்டால் இரட்டைப் பூட்டால் என்ன பயன்?

பணியிடத்தில் பெரும்பாலான கசிவுகள் அருஞ்செயல் எதுவுமின்றி நிகழ்பவை. தேநீர் அருந்த எழுந்து செல்பவர் திரையைப் பூட்டாமல் செல்கிறார். விண்டோஸ் கணினியில் விண்டோஸ் விசையையும் ‘எல்’ விசையையும் சேர்த்து அழுத்த ஒரு நொடி போதும். பலர் புழங்கும் கணினியில் கடவுச்சொல்லைச் சேமிக்கவா என்று உலாவி கேட்கும்போது, ஆம் என்று விடையளித்துவிடுகிறோம். கீழே கிடந்த பென்டிரைவை, அதில் என்ன இருக்கிறது என்று பார்க்கும் ஆவலில் செருகுகிறோம். மாணவர் பட்டியலை வாட்ஸ்அப் குழுவில் பகிர்கிறோம். பிழையாக அச்சான தாளைக் கிழிக்காமல் விடுகிறோம்; அது கடையில் பொட்டலம் ஆகிறது.

சட்டமும் இதைக் கருத்தில் கொண்டுள்ளது. பிறருடைய கடவுச்சொல்லை மோசடியாகப் பயன்படுத்துவோருக்கு மூன்றாண்டு வரை சிறையும் ஓர் இலட்சம் ரூபாய் வரை தண்டமும் விதிக்கத் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66சி பிரிவு இடமளிக்கிறது. அந்தரங்கம் அடிப்படை உரிமை என உச்சநீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் கொண்ட அமர்வு 2017இல் தீர்ப்பளித்தது. பிறர் தரவைக் கையாளுவோர் தக்க பாதுகாப்பு செய்ய வேண்டும் என 2023ஆம் ஆண்டின் எண்மத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் கூறுகிறது. ஆயினும், ஒவ்வொரு மேசைக்கும் சட்டம் காவல் நிற்க இயலாது.

மாணவர்களே, இன்னும் சில ஆண்டுகளில் நீங்கள் மருத்துவமனையிலோ வங்கியிலோ கடையிலோ அலுவலகத்திலோ ஒரு கணினியின்முன் அமர்வீர்கள். அதில் இருப்பவை உங்கள் விவரங்கள் அல்ல. வேறு வழியின்றி நம்பி ஒப்படைத்த, உங்கள் முகத்தைக்கூட அறியாத மனிதர்களின் விவரங்கள். அப்போது உங்களினும் மூத்த ஒருவர், அன்போடுதான், உங்கள் கடவுச்சொல்லைக் கேட்பார். மூத்தோர் சொல்லை மறுப்பது நம் வளர்ப்பில் எளிதன்று. மறுக்க வேண்டியதில்லை, “ஐயா, தங்கள் பெயரிலேயே ஒரு கணக்கு உருவாக்கித் தரும்படி கேட்போம், நான் உடனிருந்து செய்து தருகிறேன்” என்று பணிவோடு சொல்லுங்கள். அதனால் அவருடைய வேலையும் நடக்கும். நாளை ஒரு கேள்வி எழுந்தால் அவருக்கும் உங்களுக்கும் சான்று இருக்கும்.