பெட்டி அறியும், கரை அறியுமோ?

ஜி.பி.எஸ். என்னும் வழிகாட்டும் கருவியைப் பற்றிக் கடற்கரைப் பங்குகளில் வாழும் வாசகர்களுக்கு நாம் எடுத்துரைக்க வேண்டுவதில்லை. வீட்டில் குடை கிடப்பதுபோல அதுவும் ஒரு மூலையில் கிடக்கும். உள்நாட்டுப் பங்குகளில் உள்ளோர், திருமண மண்டபத்திற்கு வழிசொல்லும் கைப்பேசிக் குரலாக அதனை அறிந்திருப்பர். கன்னியாகுமரி மாவட்டத்தின் மேற்குக் கடற்கரையில் பணியாற்றிவரும் நாமோ, ஐம்பது வயதைக் கடந்த பிறகு, சென்ற மாசித் திங்களில்தான் முதன்முதலாக அதனைக் கையிலேந்திக் கடலுக்குச் சென்றோம்.

அழைத்தவர் எழுபத்தைந்து வயதைத் தாண்டிய மீனவர் ஒருவர். கட்டுமரத்தில் தொழில் தொடங்கியவர். இப்போது வள்ளம் ஓட்டுபவன் அவருடைய பேரன். "சுவாமி, பையன் இந்தப் பெட்டியைத்தான் பெரிதாகச் சொல்லுகிறான். நீங்கள் படித்தவர்கள். ஒருநாள் கூட வந்து பார்த்து, ஞாயம் சொல்லுங்கள்" என்றார். பங்குக் குருவிடம் வரும் வழக்குகளுள் இத்தகைய வழக்கு புதிதே. தவக்காலம் தொடங்குமுன் ஒரு திங்கட்கிழமை, விடியற்காலைத் திருப்பலி முடிந்ததும் புறப்பட்டோம்.

நீர் புகாத, கைக்கு அடக்கமான சிறு பெட்டி அது. "வானம் தெரியும்படி பிடியுங்கள், சுவாமி" என்றான் பேரன். சிறிது நேரம் ஒன்றுமில்லை. பின்னர்த் திரையில் ஒன்றன்பின் ஒன்றாகக் கோடுகள் எழுந்தன. ஒவ்வொரு கோடும் ஒரு துணைக்கோளாம். நான்கு எழுந்தால் இடம் தெரிந்துவிடும் என்றான். ஏன் நான்கு என்று கேட்டோம், அவனுக்குத் தெரியவில்லை. வீடு திரும்பியபின் நாமே நூல்களைப் புரட்டி அறிந்துகொண்டோம்.

பூமிக்கு மேல் 20,200 கிலோமீட்டர் உயரத்தில் அத்துணைக்கோள்கள் சுற்றிவருகின்றன. 'இப்போது மணி இது, நான் இருக்குமிடம் இது' என்பதையே அவை இடைவிடாது ஒலிபரப்புகின்றன. அச்செய்தி நம்மை வந்தடைய, ஒரு நொடியில் ஏறத்தாழ பதினைந்தில் ஒரு பங்கு நேரமே ஆகும். அந்தத் தாமதத்தைக் கொண்டு தொலைவைக் கணக்கிடுகிறது பெட்டி. மூன்று தொலைவுகள் தெரிந்தால் இடம் தெரியும். ஆனால் பெட்டியிலுள்ள மலிவான கடிகாரத்தை நம்பவியலாது. அதனைத் திருத்தவே நான்காவது துணைக்கோள். நொடியில் பத்து இலட்சத்தில் ஒரு பங்கு பிசகினாலும் முந்நூறு மீட்டர் பிசகிவிடும் அன்றோ! துணைக்கோளிலுள்ள அணுக்கடிகாரங்கள், ஐன்ஸ்டீன் கண்ட விதிகளின்படி, தரையிலுள்ள கடிகாரத்தைவிட நாளொன்றுக்கு நொடியின் பத்து இலட்சத்தில் 38 பங்கு விரைந்தோடும். அதனை முன்கூட்டியே திருத்தி அமைக்காவிடில், ஒரே நாளில் கணக்கு பத்துக் கிலோமீட்டருக்கு மேல் தவறிப்போகும். குருமடத்தில் காலத்தைப் பற்றிய தத்துவப் பாடங்களை எத்தனையோ மணிநேரம் கேட்டிருக்கிறோம். மீன்பிடி வள்ளத்தில் அவை பயன்படும் என்று எவரும் நமக்குச் சொன்னதில்லை.

இஃது அமெரிக்கப் படைத்துறையின் படைப்பு. முதல் துணைக்கோள் 1978 இல் ஏவப்பட்டது. 1983 இல் வழிதவறிய தென்கொரியப் பயணிகள் விமானத்தைச் சோவியத் போர்விமானம் சுட்டு வீழ்த்தியதில் 269 பேர் மாண்டனர். அதன்பிறகே இவ்வசதி பொதுமக்களுக்கும் வழங்கப்படும் என அதிபர் ரீகன் அரசு அறிவித்தது. ஆயினும் 2000 ஆம் ஆண்டு மே மாதம்வரை, பொதுமக்களுக்கு வரும் கணக்கில் வேண்டுமென்றே நூறு மீட்டர்வரை பிழை சேர்த்து வந்தனர். நம் நாடும் 2013 முதல் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து தனக்கெனத் துணைக்கோள்களை ஏவி 'நாவிக்' என்னும் அமைப்பை உருவாக்கியுள்ளது.

நாம் கண்டதைச் சொல்வோம். முதியவர் பெட்டியைத் திரும்பியும் பார்க்கவில்லை. அணியத்தில் அமர்ந்து கரையையே நோக்கிக்கொண்டிருந்தார். நம் கோவில் கோபுரம் பின்னாலுள்ள மலைமுகட்டின்மேல் ஏறி நிற்கவேண்டும். மேற்கே இரண்டு தென்னைகளுக்கு நடுவே இன்னொரு குன்று தெரியவேண்டும். இவ்விரு கோடுகளும் வெட்டுமிடத்தில்தான் அவருடைய தந்தை காட்டிய பார். கடலுக்கடியில் மீன்கள் வந்து தங்கும் பாறைத்திட்டைப் பார் என்பர். துணைக்கோள் செய்வதும் ஏறத்தாழ இதே கணக்குத்தான். கோபுரத்தை வானில் ஏற்றிவிட்டார்கள், அவ்வளவே. பழைய கோவிலை இடித்துப் புதிது கட்டிய காலத்தில், கோபுரம் பத்தடிகூட நகரக்கூடாதென்று முதியோர் பிடிவாதமாய் நின்றதாக இவ்வூரில் சொல்வார்கள். அது வெறும் பக்தி என்றே நாம் எண்ணியிருந்தோம்!

"நிறுத்து, மக்களே" என்றார். எஞ்சின் நின்றது. கயிற்றில் ஈயக்குண்டைக் கட்டி இறக்கி, விரலால் தொட்டுப் பார்த்து, "கல்" என்றார். பெட்டியைப் பார்த்தோம். பேரன் முன்பு பதிந்துவைத்திருந்த இடத்திற்கு 20 மீட்டர் தொலைவு காட்டிற்று. நீரோட்டத்தில் வள்ளம் நகர்ந்துகொண்டேயிருப்பதால் அது ஒரு வேறுபாடே அன்று. இருவரும் வென்றதாக ஞாயம் சொன்னோம். இருளிலும் மூடுபனியிலும் பேரன் பக்கம் சற்றுக் கூடுதல் என்பதையும் மறைக்கவில்லை.

முதியவருக்கு உண்மையான மனக்குறை வேறொன்று. கடல் பொதுவானாலும், ஒரு பாரின் அடையாளம் குடும்பச் சொத்துப் போன்றது. தந்தை மகனுக்கு மட்டும் காட்டுவது. பெட்டியிலோ அது வெறும் எண். கடல்வரைபடத்தில் ஒரு நிமிட அட்சரேகை 1,852 மீட்டர். பெட்டி அந்நிமிடத்தையும் ஆயிரமாகப் பகுத்து, இரு கைகளையும் விரித்த அளவுவரை துல்லியமாகக் காட்டுகிறது. கைப்பேசியில் அவ்வெண்ணை அனுப்பினால், ஐம்பதாண்டுப் படிப்பு ஒரு நொடியில் அயலாருக்குப் போய்விடும். அவருடைய கவலை நியாயமானதே.

நம் கவலையோ மற்றொன்று. "சாட்டிலைட் பார்த்துக்கொண்டுதானே இருக்கிறது, சுவாமி! தொலைந்தா போய்விடுவார்கள்?" என்று ஒரு தாய் நம்மிடம் கூறியதுண்டு. பார்த்துக்கொண்டிருப்பதில்லை, அம்மா. வானொலிப் பெட்டி பாட்டைக் கேட்பதுபோல, இப்பெட்டி கேட்க மட்டுமே செய்கிறது, பேசுவதில்லை. வள்ளம் எங்கே இருக்கிறதென்று வள்ளத்திலிருப்பவனுக்குத் தெரியும். துணைக்கோளுக்குத் தெரியாது, கரைக்கும் தெரியாது. 2017 நவம்பர் இறுதியில் ஒக்கிப் புயல் வீசியபோது, ஆழ்கடலில் இருந்த விசைப்படகுகள் பலவற்றில் இப்பெட்டி இருந்தது. தேடச் சென்றவர்களுக்கு எங்கே தேடுவதென்று சொல்லத்தான் எதுவுமில்லை.

உடல் கிடைக்காத வீட்டில் நேர்வதை நாம் அறிவோம். ஏழாண்டுகள் செய்தியே இல்லாவிடில்தான், இறந்ததாக நீதிமன்றம் பொதுவாக ஊகிக்கும். திருச்சபைச் சட்டத்தின் 1707 ஆம் எண்ணும், நெடுங்காலம் காணாமற்போனமை மட்டும் போதாது, ஆயர் விசாரித்து அறிவிக்கவேண்டும் என்கிறது. இருபத்தைந்து வயதுப் பெண், தாலியைக் கழற்றுவதா கூடாதா என்று கேட்டு நம் முன் நிற்கும்போது, சட்டப் புத்தகத்தைத் திறக்க நமக்குக் கை வருவதில்லை.

பேசும் கருவி வேறு. ஆபத்தில் பொத்தானை அழுத்தினால், துணைக்கோள் வழியாகக் கடலோரக் காவல்படைக்கு இடத்தை அறிவிக்கும் கருவியை இஸ்ரோ உருவாக்கி, அது 2010 முதல் பயன்பட்டுவருகிறது. 'உம் செய்தி கிடைத்தது' என்று படகிற்கே மறுமொழி தரும் புதிய வகை 2024 இல் வந்தது. அதே ஆண்டு, ஒரு இலட்சம் படகுகளில் கரையோடு தொடர்புகொள்ளும் கருவி பொருத்தும் திட்டத்தையும் மத்திய அரசு தொடங்கியது. மாதக்கணக்கில் ஆழ்கடல் செல்லும் படகுகளுக்கு இவற்றுள் ஒன்றேனும் இன்றியமையாதது. உங்கள் படகில் இருப்பது கேட்கும் பெட்டியா, பேசும் பெட்டியா என்பதை இன்றிரவே வீட்டில் கேளுங்கள், தாய்மார்களே.

அண்மைக் கடலுக்குச் செல்லும் வள்ளங்களுக்கு ஒரு சீட்டேனும் உதவும். போகுமிடத்தின் எண்களை எழுதி வீட்டில் வைத்துச் செல்லும்படி பேரனிடம் சொன்னோம். அன்று மாலையே அவன் எழுதிக் கொடுக்க, பாட்டி அதனைக் குடும்ப அட்டையின் உறைக்குள் வைக்கப்போனார். முதியவர் அதனை வாங்கிக் கண்ணருகே பிடித்து நெடுநேரம் பார்த்தார்.

"கடைசி இரண்டு எண்ணையும் அடித்துவிடு, மக்களே. தேடி வருகிறவனுக்கு மீதி போதும், பார் இருக்குமிடம் ஊருக்குத் தெரியவேண்டாம்" என்றார்.

கணக்கிட்டுப் பார்த்தோம். இருநூறு மீட்டருக்குள்தான் வேறுபாடு வரும். பேரன் அடித்துவிட்டான்.