கடற்பஞ்சு எடுத்தவர்களின் கரை

துருக்கியின் தென்மேற்கில் ஃபெத்தியே துறைமுகம் தொடங்கி கிழக்கே அந்தால்யா வரை நீளும் கரைக்கு லீசியா என்பது பழம்பெயர். கோடையில் இங்கே வடமேற்கிலிருந்து ‘மெல்தெம்’ வீசும். விடியற்காலையில் சுருக்கமே இல்லாமல் கிடக்கும் கடல், உச்சிப்பொழுது தாண்டியதும் நுரைகட்டத் தொடங்கிவிடும். எனவே ஒரு வாரப் பயணத்துக்குப் படகேறுகிறவர்கள் மேற்கிலிருந்து கிழக்கே போவதுதான் நல்லது. காற்று முதுகைத் தள்ளும். எதிர்த் திசையில் போனால் அதே காற்று முகத்தில் அறையும்.

படகுக்கு ‘குலெத்’ என்று பெயர். மர உடல், பெரும்பாலும் இரண்டு பாய்மரங்கள், பின்பக்கத்தில் எல்லோரும் சேர்ந்து உட்கார்ந்து சாப்பிடும் அகன்ற தளம். இன்று பெரும்பாலான குலெத்துகள் எஞ்சினில்தான் ஓடுகின்றன. பாய் விரிக்கச் சொல்லிக் கேட்க வேண்டும், தயங்காமல் கேளுங்கள். எஞ்சின் ஓய்ந்து, பாய் காற்றை வாங்கி, படகு ஒருபக்கம் சாய்ந்து ஓடத் தொடங்கும்போதுதான் கடலோடிகள் ஏன் இந்தக் கரையை ஒவ்வொரு முனையாக மனப்பாடம் செய்துவைத்திருந்தார்கள் என்பது விளங்கும்.

ஃபெத்தியே ஊர் பார்க்கப் புதிதாக இருக்கும். 1957 நிலநடுக்கம் பழைய ஊரைத் தரைமட்டமாக்கிவிட்டது. ஆனால் ஊருக்குப் பின்னால் செங்குத்துப் பாறையில் கோயில் முகப்புபோலக் குடைந்த கல்லறைகள் அப்படியே இருக்கின்றன. அவற்றில் பெரியதான அமிந்தாஸ் கல்லறை கி.மு. 4ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. கரை நெடுக இப்படித்தான்: இருந்தவர்களின் வீடுகள் போய்விட்டன, இறந்தவர்களின் வீடுகள் நிற்கின்றன.

இந்த ஒரு வாரப் படகுப் பயணத்தைத் துருக்கியர்கள் ‘மாவி யோல்ஜுலுக்’, அதாவது நீலப் பயணம் என்கிறார்கள். அது சுற்றுலாத் துறை கண்டுபிடித்ததல்ல. ஜெவாத் ஷாகிர் என்ற எழுத்தாளர் படையிலிருந்து ஓடியவர்களைப் பற்றி ஒரு கதை எழுதினார். அதற்காக 1925இல் போத்ரும் என்ற கடலோர ஊருக்கு அனுப்பப்பட்டார். தண்டனையாக வந்த ஊரை அவர் நேசித்துவிட்டார். ‘ஹாலிகார்னாஸ் மீனவன்’ என்று புனைபெயர் வைத்துக்கொண்டு, அங்கிருந்த மீனவர்களையும் கடற்பஞ்சு எடுப்பவர்களையும் பற்றி எழுதினார். 1940களில் இஸ்தான்புல்லிலிருந்து வந்த எழுத்தாள நண்பர்களைக் கடற்பஞ்சுக்காரர்களின் படகுகளிலேயே ஏற்றிக்கொண்டு விரிகுடா விரிகுடாவாகச் சுற்றினார். சொகுசு ஏதுமில்லை, ரஸ்க், பாலாடைக்கட்டி, குடிநீர், கொஞ்சம் சாராயம், இரவெல்லாம் பேச்சு. அந்த நண்பர்களில் ஒருவரான அஸ்ரா எர்ஹாத் 1962இல் எழுதிய புத்தகம் அந்தப் பெயரை நாடெங்கும் பரப்பியது. அவர்களைச் சுமந்த படகோட்டிகளுக்கு வழிகாட்டிப் புத்தகம் தேவைப்படவில்லை. எந்த முனையில் காற்று திரும்பும், எந்தக் குடாவில் நங்கூரம் பிடிக்கும், எந்தப் பாறையடியில் குடிக்கத்தக்க ஊற்று இருக்கும் என்பதெல்லாம் கடலடியில் பிழைப்பு நடத்தியவர்களின் அறிவு.

ஃபெத்தியேயைத் தாண்டினால் ஒலுதெனிஸ் காயல். அழகுதான், கூட்டமும் அதற்கேற்ப. சற்று முன்னால், உடைந்த பைசாந்தியத் தேவாலயங்கள் நிற்கும் கெமிலெர் தீவில் மாலையில் நங்கூரமிடுவது மேல். அருகே மலைக்கு அப்பால் இருக்கிறது காயாகோய். கிரேக்கக் கிறிஸ்தவர்கள் வாழ்ந்த ஊர். 1923 மக்கள் பரிமாற்ற ஒப்பந்தத்தோடு அவர்கள் இனித் திரும்பவே முடியாது என்றானது. கூரையில்லாத கல்வீடுகள் சரிவு முழுக்க இன்றும் வெறிச்சோடிக் கிடக்கின்றன.

அடுத்து ஏழு முனைகள். ஒதுங்க இடமில்லாத செங்குத்துக் கரை. படகுத் தலைவர் பொழுது விடியுமுன் எஞ்சினை முடுக்கிவிடுவார். காற்று எழுவதற்குள் தாண்டிவிட வேண்டும் என்பது கணக்கு. தூங்குகிறவர்கள் தூங்கட்டும், நீங்கள் எழுந்து மேலே வாருங்கள். மலை கடலுக்குள் நேராக இறங்குவதை அந்த வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். இந்தக் கரைக்கு ஒழுங்கான சாலை 20ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில்தான் வந்தது. ஃப்ரேயா ஸ்டார்க் 1952இல் இங்கு வந்ததும் படகில்தான். அந்தப் பயணத்தை 1956இல் புத்தகமாக எழுதினார். லீசிய ஊர்களின் தலைவாசல் கடல் பக்கம். காரில் வருகிறவர்கள் கொல்லைப்புறமாக நுழைகிறார்கள்.

முனைகள் முடிந்ததும் மணல். பத்தாரா கடற்கரை 18 கிலோமீட்டர் அளவுக்கு நீண்டு கிடக்கிறது. பெருந்தலை ஆமைகள் முட்டையிடும் இடம். அப்போஸ்தலர் நடபடிகளைத் தமிழில் படித்தவர்களுக்கு பத்தாரா, மீறா என்ற பெயர்கள் புதியவையல்ல; பவுல் கப்பல் மாறிய ஊர்கள் இவை. பத்தாராவின் துறைமுகத்தை ஆறு கொண்டுவந்த மணல் தூர்த்துவிட்டது. நீரோ மன்னன் காலத்துக் கலங்கரை விளக்கம் இப்போது மணலுக்கு நடுவே நிற்கிறது. லீசிய ஊர்களின் கூட்டமைப்பு கூடிய மன்றமும் இங்கேதான். பெரிய ஊருக்கு மூன்று வாக்கு, நடுத்தரத்துக்கு இரண்டு, சிறியதற்கு ஒன்று என்ற அதன் முறையை அமெரிக்க அரசியல் சாசன விவாதத்தின்போது ஹாமில்டன் எடுத்துக்காட்டாகச் சொன்னார்.

கல்கானைத் தாண்டி காஷ். எதிரே ஏறக்குறைய இரண்டு கிலோமீட்டரில் மெய்ஸ் தீவு, அது கிரீஸ். காஷுக்குத் தென்கிழக்கே சில மைல் தொலைவில் நீண்டு நிற்கிறது உலுபுருன் முனை. பார்க்க அங்கே ஒன்றும் இல்லை: பாறை, புதர், அலை. பல படகுகள் நிற்காமலே போய்விடும். ஆனால் என்னைக் கேட்டால் இந்த வழியில் எஞ்சினை அணைத்து நிற்க வேண்டிய இடம் இதுதான்.

1982இல் மெஹ்மெத் சக்கிர் என்ற கடற்பஞ்சுக்காரர் இங்கே மூழ்கி மேலே வந்து, ‘காது வைத்த உலோக பிஸ்கட்’ போன்ற எதையோ பார்த்ததாகத் தன் தலைவரிடம் சொன்னார். ஆய்வாளர்கள் முன்பே கடற்பஞ்சுக்காரர்களின் ஊர்களுக்குப் போய், பழைய செம்புக்கட்டிகளின் படத்தைக் காட்டிவைத்திருந்தார்கள். அதனால் தலைவருக்கு விஷயம் புரிந்துவிட்டது. கீழே கிடந்தது கி.மு. 14ஆம் நூற்றாண்டின் இறுதியில் மூழ்கிய சரக்குக் கப்பல். தொல்லியலாளர்கள் ஜார்ஜ் பாஸும் ஜெமால் புலாக்கும் 1984 முதல் 1994 வரை அதை அகழ்ந்தார்கள். கப்பல் கிடந்தது 40 மீட்டருக்கும் கீழே, சரிவில். அந்த ஆழத்தில் ஒருவர் ஒரு முறைக்கு 20 நிமிடம்தான் வேலை செய்ய முடியும். மொத்தம் 22,000 முறைக்கு மேல் மூழ்கினார்கள்.

கிடைத்தவை: 10 டன் செம்பு, ஏறக்குறைய 1 டன் வெள்ளீயம். வெண்கலம் வார்க்கத் தேவையான அதே விகிதம். நீலக் கண்ணாடிக் கட்டிகள், யானைத் தந்தம், நீர்யானைப் பல், ஆப்பிரிக்கக் கருமரம், பால்டிக் கடற்பக்கத்து அம்பர், எகிப்திய அரசி நெஃபெர்தீதியின் பெயர் பொறித்த தங்க முத்திரை, மெழுகு பூசி எழுதும் மடிப்புப் பலகை. செம்பு சைப்ரஸிலிருந்து வந்தது. அரண்மனைக் களிமண் ஏடுகள் பேசிய அரசர்களின் கொடுக்கல் வாங்கல் இங்கே ஒரே சரக்கறையில் கிடந்தது. இந்த அளவுக்கு வெண்கலக் காலத்தைக் கண்முன் நிறுத்தும் வேறொரு கண்டெடுப்பை நான் அறியேன்.

அங்கிருந்து கெகோவா. நீண்ட தீவு ஒன்று கடலை மறைத்து நிற்பதால் உள்ளே தண்ணீர் அசைவதில்லை. நிலநடுக்கங்களால் தாழ்ந்துபோன பழைய ஊரின் படிக்கட்டுகள் தண்ணீருக்குள் இறங்குகின்றன. கரையோரம் பாதி மூழ்கிய கல்லறை ஒன்று. மூழ்கிய பகுதியில் நீந்தத் தடை. அது நியாயமான தடை; படகு மெல்ல நகரும்போது விளிம்பில் சாய்ந்து பார்த்தாலே போதும். எதிர்க்கரையில் கலேகோய், கோட்டையுள்ள சிற்றூர். பாறையில் குடைந்த குட்டி அரங்கு கோட்டைக்குள்ளேயே இருக்கிறது. பத்தாராவில் கடல் பின்வாங்கியது, இங்கே ஊருக்குள் புகுந்தது. இரண்டுக்கும் நடுவே படகில் ஒரு நாள் ஓட்டம்கூட இல்லை.

தெம்ரேதான் பழைய மீறா. கடலிலிருந்து பார்த்தால் முதலில் தெரிவது தக்காளி விளையும் பிளாஸ்டிக் கூடாரங்கள். உள்ளே புனித நிக்கோலஸ் ஆலயம். அவருடைய எலும்புகளை 1087இல் இத்தாலியின் பாரி நகரத்து மாலுமிகள் தூக்கிப்போய்விட்டார்கள். ஃபினிகேயில் ஆரஞ்சு வாங்கிக்கொண்டு கிழக்கே திரும்பினால் கெலிதோன்யா முனை.

கடலோடிகள் எல்லாக் காலத்திலும் அஞ்சிய முனை இது. இங்கேயும் ஒரு கப்பல், கி.மு. 1200 வாக்கில் உடைந்தது. அதைக் கண்டவர் போத்ருமைச் சேர்ந்த கடற்பஞ்சுப் படகுத் தலைவர் கெமால் அராஸ். 1958இல் பீட்டர் த்ராக்மார்ட்டன் என்ற அமெரிக்கர் கடற்பஞ்சுக்காரர்களோடு படகிலேயே தங்கி, அவர்கள் சொன்னதையெல்லாம் குறித்துக்கொண்டபோது, அராஸ் இந்த இடத்தைப் பற்றிச் சொன்னார். கடலடியில் கிடக்கும் செம்பை வெடிவைத்துப் பெயர்த்து விற்பதாக இருந்தவர், கேட்டுக்கொண்டதும் கைவிட்டார். 1960இல் ஜார்ஜ் பாஸ் தலைமையில் நடந்த அகழ்வில், தொல்லியலாளர்களே நீருக்குள் இறங்கி, நிலத்து அகழ்வின் ஒழுங்கோடு ஒரு கப்பலை முழுமையாக ஆராய்ந்தார்கள். அதுவே முதல் முறை. நீரடித் தொல்லியல் என்ற துறையே ஒரு படகுத் தலைவர் விற்காமல் விட்ட செம்பிலிருந்து தொடங்குகிறது.

கடற்பஞ்சு எடுத்தவர்களுக்குக் கிடைத்தது என்ன? தலையில் செம்புக் கவசம், மேலிருந்து ஒரு ரப்பர் குழாயில் காற்று. மேலே வருவதில் அவசரப்பட்டால் ரத்தத்தில் நைட்ரஜன் குமிழிட்டு, கால் விளங்காமல் போகும், அல்லது உயிர் போகும். அப்படி முடங்கியவர்கள் இந்தக் கரையில் ஏராளம். பிறகு செயற்கைப் பஞ்சு வந்து விலையை வீழ்த்தியது. 1980களின் பிற்பகுதியில் நோய் வந்து கடற்பஞ்சையே அழித்தது. படகுகள் பயணிகளை ஏற்றத் தொடங்கின. நாம் படுத்துக்கிடக்கும் மெத்தைக்குக் கீழே இருப்பது அந்தத் தொழிலின் படகுமரபு. பயணிகள் கையில் தரப்படும் வழிப்படத்தில் நீந்தும் குடாக்கள் எல்லாம் குறிக்கப்பட்டிருக்கும். உலுபுருனும் கெலிதோன்யாவும், சக்கிர், அராஸ் என்ற பெயர்களோடு அதில் இடம்பெற வேண்டும்.

முனையைச் சுற்றினால் கரை வடக்கே திரும்பும். ஒலிம்போஸில் காட்டுக்குள் இடிபாடுகள். மலைமேல் பாறைப் பிளவுகளில் மீத்தேன் இரவும் பகலும் எரிகிறது. ஃபாசெலிஸில் மூன்று துறைகள், பைன் நிழல். அலெக்சாந்தர் தங்கிய ஊர். பிறகு அந்தால்யாவின் பழைய துறைமுகம்.

அங்கே இறங்கியதும் விமானத்துக்கு ஓடாமல் இரண்டு நாள் மிச்சம் வையுங்கள். ஒரு பகல் பேருந்துப் பயணத்தில் போத்ரும். அங்கே கோட்டைக்குள் உள்ள நீரடித் தொல்லியல் அருங்காட்சியகத்தில் உலுபுருன் கப்பலின் சரக்கு இருக்கிறது. மாட்டுத்தோலை விரித்துப்போட்ட வடிவில், நான்கு மூலையும் நீண்ட செம்புக்கட்டிகள், ஒவ்வொன்றும் ஏறக்குறைய 25 கிலோ. சக்கிர் சொன்ன காதுகள் அவற்றில் இருக்கின்றன.