55ஆவது நகர்த்தல்

2024 டிசம்பர் 12, சிங்கப்பூர். உலக சதுரங்க சாம்பியன் போட்டியின் கடைசி ஆட்டம். குகேஷுக்கும் டிங் லிரெனுக்கும் ஆளுக்கு ஆறரைப் புள்ளி. அந்த ஆட்டத்தை இன்னும் அவ்வப்போது போட்டுப் பார்க்கிறேன்.

வெள்ளைக் காய் டிங்குக்கு. ஆனாலும் அவர் ஜெயிக்கப் பார்க்கவில்லை. ராணிகளை மாற்றிக்கொண்டு, ஒரு சிப்பாயையும் கொடுத்து, டிராவை நோக்கிப் போனார். கணக்குப்படி தப்பில்லை. அது டிரா நிலைதான். ஆனால் அதன்பிறகு ஜெயிக்க வழியில்லை அவருக்கு; டிரா, தவறினால் தோல்வி. குகேஷ் அசராமல் ஆடிக்கொண்டே இருந்தார். 55ஆவது நகர்த்தலில் டிங் யானையை மாற்றிக்கொள்ள முன்வந்தார். தன் பிஷப் மூலையில் மாட்டியிருந்ததை அந்த நொடியில் கவனிக்கவில்லை. அதுவும் வெட்டுப்பட, மூன்றே நகர்த்தலில் எல்லாம் முடிந்தது.

டிங்கைப் போலத்தான் நானும். சொந்தத் தொழில் பற்றி யோசித்த ஒவ்வொரு முறையும் “இப்போதைக்கு இருக்கிறதே போதும்” என்று ஒதுங்கியவன் நான். அதில் ஆபத்தே இல்லை என்று நம்பினேன். இப்போது அந்த நம்பிக்கை இல்லை.

துணிந்து இறங்கியவர்கள் குகேஷின் பெற்றோர். அப்பா காது மூக்கு தொண்டை மருத்துவர். மகனோடு ஊர் ஊராகப் போவதற்காகத் தொழிலையே நிறுத்திவைத்தார். அம்மாவின் சம்பளத்தில் வீடு நடந்தது. கண்ணை மூடிக்கொண்டு குதித்தவர்கள் இல்லை அவர்கள். ஒரு காயைக் கொடுக்கும் முன் பலகையில் என்ன மிச்சமிருக்கிறது என்று பார்த்தவர்கள்.

ஜெயித்ததும் அந்த 18 வயதுப் பிள்ளை அழுதான். அழுதபடியே காய்களை ஒவ்வொன்றாக எடுத்து, அதனதன் கட்டத்தில் திரும்ப அடுக்கினான்.